அடுத்த அப்கிரேடில் உங்களுக்கு என்ன வேண்டும்? என் பட்டியல் மாடிப்படியில் தொடங்குகிறது

ரசமட்டம் (மதுரை)

வணக்கம் நண்பர்களே. எங்கள் ஆர்க்கிடெக்ட் அலுவலகத்தில் நான்கு பேர். இந்த மாதக் கடைசிக்குள், கட்டடம் வரையும் மென்பொருளின் சந்தாவைப் புதுப்பிக்க வேண்டும். கூடவே புதிய பதிப்புக்கும் மாறச் சொல்கிறார்கள். புதிதாக என்னென்ன வந்திருக்கிறது என்று காட்டும் வீடியோவை நேற்று சாயங்காலம் நான்கு பேரும் டீயோடு உட்கார்ந்து முழுசாகப் பார்த்தோம். முடிந்ததும் எங்கள் ஜூனியர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "சார், ஸ்டேர்கேஸ்ல ஏதாவது மாத்தியிருக்காங்களா?" மாற்றவில்லை.

அவர் ஏன் அதைக் கேட்டார் என்று சொல்லிவிடுகிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு வீடு. தளத்துக்குத் தளம் 10 அடி, 6 அங்குல உயரத்தில் 20 படி. கம்ப்யூட்டர் மாடலில் ஸ்டேர்கேஸ் போட்டோம், செக்ஷன் (வெட்டுத் தோற்றம்) எடுத்தோம். எல்லாப் படியும் 6 அங்குலம் என்று காட்டியது, அதையே ஷீட்டில் போட்டு சைட்டுக்கு அனுப்பினோம். சென்ட்ரிங்காரர் (கான்கிரீட்டுக்குப் பலகை அடிப்பவர்) அந்த 6 அங்குலத்தைக் கான்கிரீட்டுக்கு எடுத்துக்கொண்டார். அவர் மேல் தப்பே இல்லை, தாளில் இருந்தது அதுதான். பிற்பாடு அறைகளுக்குத் தரை போட்டபோது கீழேயும் மேலேயும் மட்டம் 3 அங்குலம் ஏறியது. படியில் கலவையும் கிரானைட்டும் சேர்ந்து ஒன்றரை அங்குலம்தான் ஏறியது. கணக்குப் போட்டுப் பாருங்கள். முதல் படி நாலரை அங்குலமாகக் குறைந்துவிட்டது, கடைசிப் படி ஏழரையாகக் கூடிவிட்டது.

குடிபுகுந்த வாரமே அந்த வீட்டுப் பாட்டி கடைசிப் படியில் கால் தட்டி விழுந்துவிட்டார். மணிக்கட்டு எலும்பில் விரிசல். நான் போய்ப் பார்த்தபோது, "என் கண்ணுதான் சரியில்லப்பா" என்றார். அவர் கண்ணில் ஒரு குறையும் இல்லை. பத்தொன்பது படி ஏறிய கால், இருபதாவதும் அதே உயரம் என்றுதான் நம்பும்.

ஆகவே எனக்கு வேண்டியது சின்ன விஷயம். படி வரையும் கருவியில் இரண்டு பெட்டி: தரைக்கு எவ்வளவு கனம், படிக்கு எவ்வளவு கனம். அதை வைத்து, கான்கிரீட் அளவு மட்டும் உள்ள சென்ட்ரிங் டிராயிங் ஒன்று தனியாக வர வேண்டும். உங்கள் பட்டியலையும் எழுதுங்கள். கனவாக இருப்பதைவிட, பல வருஷமாகச் சரியாகாமல் கிடப்பதைச் சொன்னால் நல்லது.

முற்றம் (கோயம்புத்தூர்)

பாட்டி இப்போது நலமா அண்ணா? படித்ததும் மனசு கஷ்டமாகிவிட்டது.

என் பட்டியலில் முதல் இடம், புதிய பதிப்பில் சேமித்த ஃபைலைப் பழைய பதிப்பில் திறக்கும் வசதிக்கு. நாம் கட்டடம் வரையும் மென்பொருள்களில், ஆட்டோகேடில் பழைய பதிப்புக்கென்று சேமித்துக் கொடுக்கலாம், ஸ்கெட்சப்பிலும் முடியும். ரெவிட்டில் முடியாது, மேலே போன ஃபைல் கீழே இறங்காது. ஆனால் வருஷத்துக்கு ஒரு பதிப்பு வந்துகொண்டே இருக்கிறது. ஒரு வேலையில் ஆர்க்கிடெக்ட், ஸ்ட்ரக்சுரல் கன்சல்டன்ட், ஏசி, பிளம்பிங், எலெக்ட்ரிகல் என்று ஐந்து அலுவலகம் இருக்கும். ஐந்து பேரும் ஒரே நாளில் மாறினால்தான் உண்டு.

எங்கள் அலுவலகத்தில் போன வருஷம் நடந்தது இது. மென்பொருளின் பெயர் இங்கே தேவையில்லை. ஒரு கம்ப்யூட்டரில் மட்டும் புதிய பதிப்பு ஏற்றியிருந்தோம். ஒரு தம்பி காலையில் வந்து மெயின் மாடலை அதில் திறந்தார். மாற்றட்டுமா என்று கேட்டதற்குச் சரி என்று அழுத்திவிட்டார். சாயங்காலம் வரை வேலை செய்து சேமித்தார். மறுநாள் ஸ்ட்ரக்சுரல் கன்சல்டன்ட் போன் பண்ணி, ஃபைல் திறக்கவில்லை என்றார். முந்தின நாள் ராத்திரி பேக்கப்பை எடுத்து, ஒரு நாள் வேலையை மறுபடி செய்தோம். அந்தத் தம்பி இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. அவர் செய்தது பெரிய தவறா? ஒரே ஒரு சரி.

இரண்டு வருஷம் பின்னால் போகும் வசதி இருந்தால் போதும். புதிய கருவியில் வரைந்ததெல்லாம் வெறும் வடிவமாக மாறினாலும் பரவாயில்லை.

மூலைமட்டம் (சென்னை)

ரசமட்டம் தம்பிக்கு. வருத்தமான சம்பவம்தான். ஆனால் நான் வேறு மாதிரி பார்க்கிறேன். 1980-களில் டிராஃப்டிங் டேபிளில் நின்று வேலை கற்றவன் நான். ட்ரேசிங் பேப்பரில் ரோட்ரிங் பேனா, தப்பானால் பிளேடால் சுரண்டி அழிக்க வேண்டும். அப்போதும் இதே படிதான், இதே தரைதான். முதல் படி ஓர் அளவு, கடைசிப் படி ஓர் அளவு என்று தனியாகப் பெரிதாக வரைந்து கொடுப்போம். எங்கள் சீஃப் படி டிராயிங்கை மட்டும் அவரே பார்த்துக் கையெழுத்துப் போடுவார், வேறு யாரையும் நம்ப மாட்டார். மென்பொருள் எல்லாப் படியும் சமம் என்று காட்டினால், "எதிலிருந்து எதுவரை சமம்?" என்று கேட்க வேண்டியவர் ஆர்க்கிடெக்ட். அந்தக் கேள்வியையும் மென்பொருளே கேட்டுக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டால், அடுத்த தலைமுறைக்கு அது தெரியாமலே போகும்.

ரசமட்டம் (மதுரை)

முற்றம், பாட்டி நன்றாக இருக்கிறார். அந்தக் கடைசிப் படிக்குப் பக்கத்தில் கைப்பிடி வைத்துக் கொடுத்தோம், படி ஓரத்தில் வேறு நிறத்தில் பட்டையும் போட்டோம். படியையே திருத்த முடியவில்லை.

மூலைமட்டம் சார், நீங்கள் சொல்வதை ஏற்றுக்கொள்கிறேன். பொறுப்பு என்னுடையதுதான், அந்த வீட்டாரிடமும் அப்படித்தான் சொன்னேன். ஆனால் ஒன்று யோசித்துப் பாருங்கள் சார். நீங்கள் கையால் வரையும்போது அந்த முதல் படிக் கோட்டை இழுக்கும் முன்னால் கை நிற்கும், எங்கிருந்து தொடங்குவது என்று யோசிக்கும். இப்போது இரண்டு மட்டத்தைக் கொடுத்தால் இருபது படியும் ஒரு நொடியில் வந்துவிடுகிறது. கை நிற்கும் இடமே இல்லை. யோசிக்கும் இடத்தை எடுத்துவிட்ட கருவி, யோசிக்க வேண்டியதைக் கேட்கவாவது வேண்டும் என்பதுதான் என் ஆசை.

தூக்குக்குண்டு (லண்டன்)

நான் இங்கே பதினைந்து வருஷமாக வேலை பார்க்கிறேன். ரசமட்டத்தின் ஆதங்கத்தை இங்கே பெரிய பெரிய நிறுவனங்களே ஊரறியச் சொல்லிவிட்டன. அது தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

2020 ஜூலையில் பிரிட்டனின் ஆர்க்கிடெக்ட் நிறுவனங்கள் 20-க்கும் மேல் சேர்ந்து, ரெவிட்டை விற்கும் ஆட்டோடெஸ்க் நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரி ஆண்ட்ரூ அனக்னோஸ்டுக்கு ஒரு திறந்த மடல் எழுதின. ஜாஹா ஹதீத் ஆர்க்கிடெக்ட்ஸ், கிரிம்ஷா, ரோஜர்ஸ் ஸ்டர்க் ஹார்பர் எல்லாம் அதில் உண்டு. அவர்கள் முக்கியமாகச் சொன்னது இரண்டு விஷயம். ஒன்று, 2019 முடிய 5 வருஷத்தில் ரெவிட்டுக்கு ஆகும் மொத்தச் செலவு 70 சதவீதம் வரை ஏறியிருக்கிறது. இரண்டு, அந்த ஏற்றத்துக்குத் தகுந்த மாதிரி ரெவிட் வளரவில்லை.

பின்னணியையும் பார்க்க வேண்டும். 1997-இல் அமெரிக்காவில் தொடங்கிய ஒரு சின்ன நிறுவனம் உருவாக்கியதுதான் ரெவிட். 2000-இல் முதல் பதிப்பு வந்தது, 2002-இல் ஆட்டோடெஸ்க் அந்த நிறுவனத்தை வாங்கியது. அடித்தளம் அந்தக் காலத்தில் போட்டது. இன்றைக்கு நம் மேஜையில் 16 கோர் (ஒரே நேரத்தில் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகள்) உள்ள கம்ப்யூட்டர் இருக்கிறது, ஆனால் ரெவிட்டில் நடக்கும் பல வேலைகள் ஒரே கோரில்தான் ஓடுகின்றன. எவ்வளவு காசு போட்டு மெஷின் வாங்கினாலும் பெரிய மாடலில் ஒரு செக்ஷன் திறக்கக் காத்திருப்பது அதனால்தான்.

உரிமத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2016-இல் ஒரே தடவை காசு கொடுத்து வாங்கும் முறையை நிறுத்தினார்கள், எல்லாம் சந்தா ஆனது. 2020-இல் அலுவலகத்துக்குள் பகிர்ந்துகொள்ளும் உரிமத்தையும் எடுக்கத் தொடங்கினார்கள். ஒரு பகிர்வு உரிமத்துக்குப் பதில் ஆள் பேரில் இரண்டு உரிமம் கொடுத்தார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கும். பத்து உரிமத்தை முப்பது பேர் மாற்றி மாற்றிப் பயன்படுத்திய அலுவலகத்துக்கு அந்தக் கணக்கு எப்படி ஒத்துவரும்?

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். ஆர்க்கிடெக்டுகளுக்கான பகுதி எதிர்பார்த்த வேகத்தில் வளரவில்லை என்பதை அனக்னோஸ்ட் தன் பதிலில் ஒப்புக்கொண்டார். அதன் பிறகு சில நல்ல மாற்றங்களும் வந்தன. 2021 பதிப்பில் சாய்வான சுவர் வந்தது. 2022-இல் பிடிஎஃப் நேரடியாக எடுக்க முடிந்தது. அதுவரை பிடிஎஃப் எடுக்கத் தனியாக ஒரு பிரிண்டர் டிரைவர் போட வேண்டியிருந்ததை நினைத்துப் பாருங்கள். 2024-இல் நிலத்தை வெறும் மேற்பரப்பாக இல்லாமல் கனமுள்ள மண்ணாகவே மாடல் செய்யும் வசதி வந்தது. இவை வந்ததற்கு மடல் மட்டும்தான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் சத்தம் போட்டால் கேட்கிறது.

2022-இல் நோர்வே, டென்மார்க் உள்ளிட்ட நோர்டிக் நாட்டு ஆர்க்கிடெக்டுகளும் இதே மாதிரி ஒரு மடல் எழுதினார்கள். 2023-இல் பிரிட்டன் நிறுவனங்கள் ஒரு படி மேலே போய், அடுத்த தலைமுறை மென்பொருள் எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு முழு விவரக்குறிப்பையே எழுதி, இதுதான் வேண்டும், யார் செய்து தருவீர்கள் என்று எல்லா நிறுவனங்கள் முன்னாலும் வைத்தன. நாம் வீட்டுக்காரரிடம் என்ன வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டு டிசைன் தொடங்குவோமே, அதே வேலைதான். அதில் எனக்கு முக்கியமாகப் பட்டது, டேட்டா ஒரு கம்பெனியின் ஃபைலுக்குள் பூட்டிக் கிடக்கக் கூடாது என்பது.

யன்னல் (யாழ்ப்பாணம்)

வணக்கம் எல்லாருக்கும். ரசமட்டம் அண்ணை எழுதியதை வாசித்ததும் எனக்கு எங்கட சைட்டுகள்தான் ஞாபகம் வந்தன.

நான் கேட்பது இங்கே ஒருவரும் சொல்லாத ஒன்று. தமிழ். எங்கட மேசன்மாருக்குக் குறிப்பு எல்லாம் தமிழில் எழுதிக் கொடுத்தால்தான் வேலை பிசகாமல் நடக்கும். ஆனால் டிராயிங்குக்குள் தமிழ் எழுதுவது இன்றைக்கும் ஒரு போராட்டம். கம்ப்யூட்டர் (CAD) டிராயிங்குகளில் வழக்கமாகப் பாவிக்கிற கோட்டு எழுத்துருக்களில் தமிழே கிடையாது. ட்ரூடைப் எழுத்துரு போட்டு யூனிகோடில் எழுதினால், நான் பாவித்த ஒரு மென்பொருளில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். "கொங்கிறீற்று" என்று அடித்தால் க முதலில், கொம்பு அடுத்தது, அரவு (துணைக்கால்) தூரத்தில் தனியாக. ஆரும் வாசிக்கேலாது. அதனால் பலபேர் இன்னமும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்துப் போடுகிறார்கள். பார்க்கத் தமிழாக இருக்கும். பிடிஎஃபில் "படி" என்று தேடினால் ஒன்றும் வராது, ஏனென்றால் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து.

கதவு, யன்னல் அட்டவணையில் ஒரு நிரல் தமிழில் இருந்தால் தச்சு வேலைக்காரர் ஆளை அனுப்பிக் கேட்கத் தேவையில்லை. செயற்கை நுண்ணறிவு எல்லாம் வரட்டும், நல்லது. அதற்கு முதல் ஒரு கொம்பு தன்ர இடத்தில் நிற்கட்டும்.

கொத்துக்கரண்டி (திருச்சி)

யன்னல் அக்காவா அண்ணனா தெரியவில்லை, மன்னிக்கவும். நூற்றுக்கு நூறு. எங்கள் சைட்டில் நான் டிராயிங்கைப் பிரிண்ட் எடுத்து அதன் மேல் பேனாவால் தமிழில் எழுதிக் கொடுக்கிறேன். அந்தப் பிரதி மட்டும்தான் கிழியும் வரை சைட்டில் இருக்கும்.

நிலைவாசல் (சிங்கப்பூர்)

டேட்டா பூட்டிக் கிடக்கக் கூடாது என்று தூக்குக்குண்டு எழுதியதைத் தொடர்கிறேன்.

இங்கே 2013-லிருந்தே பெரிய கட்டடங்களுக்கு பிஐஎம் (கட்டடத்தின் விவரங்களும் அடங்கிய முப்பரிமாண) மாடலாகத்தான் அனுமதிக்குக் கொடுக்க வேண்டும். 20,000 சதுர மீட்டருக்கு மேற்பட்டவற்றில் ஆரம்பித்து, 2015-இல் 5,000 வரை இறங்கினார்கள். இப்போது கோர்நெட் எக்ஸ் என்று புதிய முறை வந்திருக்கிறது. 2023 டிசம்பரில் தொடங்கியது, 2025 அக்டோபரிலிருந்து 30,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள புதிய திட்டங்களுக்குக் கட்டாயம். அதில் மாடலை ஐஎஃப்சி-எஸ்ஜி என்ற வடிவில் கொடுக்க வேண்டும். ஐஎஃப்சி என்பது யாருக்கும் சொந்தமில்லாத பொது வடிவம், ஐஎஸ்ஓ 16739 தரம். எஸ்ஜி என்பது சிங்கப்பூர் விதிகளுக்காக அதில் சேர்த்துக்கொண்ட விவரங்கள்.

எதற்குச் சொல்கிறேன் என்றால், ஐஎஃப்சி எடுக்கும் பொத்தான் எல்லா மென்பொருளிலும் இருக்கிறது. ஆனால் அழுத்திய பிறகு என்ன வெளியே போனது என்பதைப் பார்க்க வேறொரு மென்பொருளைத் திறக்க வேண்டியிருக்கிறது. ஒரு தடவை எங்கள் மாடலில் ஒரு மாடி முழுக்கக் கதவுகளின் தீத்தடுப்பு மதிப்பு காலியாகப் போயிருந்தது. மாடலுக்குள் சரியாகவே இருந்தது, ஆனால் எழுதியிருந்த பெட்டி வேறு, அனுப்பும்போது எடுக்கும் பெட்டி வேறு. மூன்று பேர் இரவு பத்து மணி வரை உட்கார்ந்து ஒவ்வொரு கதவாகப் பார்த்தோம். அனுப்பும் முன்பு "இந்த 46 கதவில் இந்த விவரம் காலி" என்று வரைகிற இடத்திலேயே சொன்னால் போதும். விதி என்ன என்பது அரசு வெளியிட்டுவிட்டது, பெட்டியின் பெயர்கூட வெளியாகியிருக்கிறது. சரிபார்ப்பது கம்ப்யூட்டர் செய்ய வேண்டிய வேலை.

முற்றம் (கோயம்புத்தூர்)

நிலைவாசல் சொன்னதை நம் ஊருக்கு இழுத்துப் பார்க்கிறேன். தமிழ்நாடு ஒருங்கிணைந்த கட்டட விதிகள் 2019-இல் வந்தன. 18.30 மீட்டருக்கு மேல் போனால் உயரமான கட்டடம், அதற்குள் என்றால் எஃப்எஸ்ஐ (மனைப் பரப்பைப் போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்ற கணக்கு) 2. வீட்டுக்காரர் முதல் சந்திப்பிலேயே கேட்பது, "நம்ம இடத்துல எவ்வளவு சதுர அடி கட்டலாம்?" அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல நான் இன்னும் எக்செல் ஷீட்டைத்தான் திறக்கிறேன். ரெவிட்டில் ஏரியா பிளான் எடுத்தால், கூடவே வருவது மொத்தப் பரப்பு, வாடகைப் பரப்பு என்ற இரண்டு கணக்கு. வாடகைப் பரப்பு அமெரிக்க ஆபீஸ் கட்டடத்துக்கு உதவும், 5 சென்ட் மனைக்கு உதவாது. நம் விதிப்படி எது சேரும், எது சேராது என்று நாமே அமைத்துக்கொள்ள வேண்டும். அமைத்திருக்கிறோம், வேலையும் செய்கிறது, ஆனால் ஒவ்வோர் அலுவலகமும் தனித்தனியாக உட்கார்ந்து இதையே அமைத்துக்கொண்டிருக்கிறது.

கொத்துக்கரண்டி (திருச்சி)

நான் படிப்பு முடித்து மூன்று வருஷம் ஆகிறது. தனியாக வேலை எடுத்துச் செய்கிறேன். மாணவனாக இருந்தபோது எல்லாமே இலவசமாகக் கிடைத்தது. பட்டம் வாங்கியதும் அதே மென்பொருளுக்கு என் வருமானத்தில் பாதி கேட்கிறது. எனக்கு வேண்டிய அப்கிரேடு விலையில்தான்.

பிளெண்டர் என்ற இலவச மென்பொருளில், பான்சாய் என்ற இணைப்பைப் போட்டுப் பழகுகிறேன். ஐஎஃப்சியையே நேரடியாக எழுதும், காசு கிடையாது. ஃப்ரீகேட் என்ற இன்னொரு இலவச மென்பொருள் 2024 நவம்பரில் 1.0 பதிப்புக்கு வந்தது. இரண்டிலும் முழு வீட்டுக்கு ஷீட் தயார் செய்வது இன்னும் எனக்குச் சுலபமாக வரவில்லை, உண்மையைச் சொல்ல வேண்டும். ஆனால் இரண்டு வருஷத்துக்கு முன் வரைந்ததை, சந்தா கட்டாமலே, இன்றைக்கும் திறக்க முடிகிறது. அது பெரிய நிம்மதி.

செயற்கை நுண்ணறிவு பற்றிக் கேட்டால், எனக்காக டிசைன் செய்ய வேண்டாம். அளவுக் கோடு போடட்டும். ஷீட்டில் அளவு ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் நகர்த்துவதிலேயே என் ராத்திரிகள் போகின்றன.

தூக்குக்குண்டு (லண்டன்)

தம்பி, அளவுக் கோடு விஷயத்தில் உன்னோடு இருக்கிறேன். ரெவிட் ஐடியாஸ் பக்கத்தில் வாக்குப் போடும் வசதி இருக்கிறது. அங்கே போய்ப் பார், மேலே நிற்பவற்றில் பாதி இப்படிப்பட்ட சாதாரண வேண்டுகோள்கள்தான். நம் ஊர்ப் பிரச்சினைகளையும் அங்கே எழுதுங்கள். யன்னல் சொன்ன தமிழ் எழுத்து விஷயத்தை எழுதி இங்கே இணைப்புக் கொடுத்தால் நான் முதல் வாக்குப் போடுகிறேன்.

மூலைமட்டம் (சென்னை)

இரண்டு நாளாக எல்லாவற்றையும் வாசித்தேன். கை நிற்கும் இடம் பற்றி ரசமட்டம் தம்பி சொன்னது சரிதான். நான் அப்படி யோசித்ததில்லை. பெட்டி இரண்டையும் கேளுங்கள், நானும் கூடக் கேட்கிறேன்.

அது வரும்வரை ஒரு வழி சொல்கிறேன், எங்கள் அலுவலகத்தில் இப்படித்தான் செய்கிறோம். ஒவ்வொரு தளத்துக்கும் இரண்டு மட்டம் வையுங்கள்: கான்கிரீட் மட்டம் ஒன்று, தரை முடிந்த மட்டம் ஒன்று. படியை முடிந்த மட்டத்திலிருந்து முடிந்த மட்டத்துக்கு வரையுங்கள். மிதிபலகைக்கு ஒன்றரை அங்குலம் கனம் கொடுங்கள், அது கலவையும் கிரானைட்டும். கீழே மிஞ்சுவது சுத்தமான கான்கிரீட். அப்புறம் ஒரு தனி செக்ஷன் எடுத்து, பூச்சை எல்லாம் மறைத்துவிட்டு, கான்கிரீட் மட்டத்திலிருந்து அளவு போடுங்கள். அந்த ஷீட்டை மட்டும் சென்ட்ரிங்குக்குக் கொடுங்கள். மற்ற ஷீட் அவர் கையில் போகவே கூடாது.

ரசமட்டம் (மதுரை)

சார், மிக்க நன்றி. நீங்கள் சொன்னபடியே இன்றைக்குப் போட்டுப் பார்த்தோம். இப்போது ஓடிக்கொண்டிருக்கும் வேலையிலும் அதே 10 அடி, அதே 20 படி. கான்கிரீட்டில் முதல் படி ஏழரை, நடுவில் எல்லாம் ஆறு, கடைசி நாலரை என்று வந்தது. அந்த வீட்டில் வந்தது அப்படியே தலைகீழாக.

சாயங்காலம் ஷீட்டை எடுத்துக்கொண்டு நானே சைட்டுக்குப் போனேன். மேஸ்திரி பார்த்துவிட்டு, "சார், முதப் படி ஏழரைன்னு தப்பா அடிச்சிருக்கு" என்றார். தரை டைல் துண்டு ஒன்றையும் கிரானைட் துண்டு ஒன்றையும் எடுத்து, கலவைக் கனத்துக்குக் கட்டையை அடியில் வைத்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு காதிலிருந்து பென்சிலை எடுத்துச் சுவரில் ஒவ்வொரு படியாகக் கோடு போட்டார். முதல் கோட்டுக்குப் பக்கத்தில் ஏழரை என்று எழுதி வட்டம் போட்டார். வியாழக்கிழமை கான்கிரீட்.